கவாத்துக் கத்தரிக்கு இடுப்பு உறை: தோலும் சாயமும் வீட்டிலேயே

கவாத்துக் கத்தரியைப் பைக்குள் போட்டால் பை கிழிகிறது, மண்ணில் குத்தி வைத்தால் துரு ஏறுகிறது, ஏதாவது ஒரு கிளையில் மாட்டி வைத்தால் பொழுது சாயும்வரை தேட வேண்டியிருக்கிறது. தோட்ட வேலை செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். பெல்ட்டில் ஒரு தோல் உறை இருந்துவிட்டால், இரண்டு மூன்று நாளில் கை தானாகவே அங்கே போய் எடுக்கவும் திரும்ப வைக்கவும் பழகிவிடும். நான் முதலில் எனக்காக ஒன்று செய்தேன், அப்புறம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் கேட்கக் கேட்கப் பதினைந்துக்கு மேல் செய்துவிட்டேன். இதுவரை தோலைத் தொட்டே பார்க்காதவர்களும் செய்யலாம் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நாம் செய்யப்போகிற அமைப்பு புதியது ஒன்றும் இல்லை. 1870களில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மாட்டுப் பண்ணைக்காரர்கள் இடுப்பில் கட்டிய துப்பாக்கி உறையும் இப்படித்தான் இருந்தது: ஒரே துண்டுத் தோல், நடுவில் ஒரு மடிப்பு, ஒரு பக்கம் ஒரு தையல். உள்ளே போகிற கருவி மாறினாலும் அளவுக் கணக்கு அதேதான். முகப்பில் ஒரு பூவைப் பதிக்கப் போகிறோம். கறுப்புத் தோலில் பூ வடிவத்தில் சன்னல் வெட்டி, அதன் பின்னாலிருந்து மஞ்சள் தோலை ஒட்டுகிற வேலை அது. கறுப்பு, மஞ்சள் இரண்டு சாயத்தையும் வீட்டிலேயே எடுக்கலாம்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கறுப்பில் பாதி தோலுக்குள்ளேயே இருக்கிறது. தோலைப் பதனிட்ட மரப்பட்டையின் துவர்ப்பும் நாம் தடவுகிற இரும்பும் சேரும் இடத்தில்தான் கறுப்பு பிறக்கிறது. அதனால் தவறான தோலை வாங்கிவிட்டால் எத்தனை வாரம் சாயம் ஊறவைத்தாலும் பயன் இல்லை.

தோல் வாங்குவது

பதனிடுவதில் பெரும்பாலும் இரண்டு வழிகள். குரோமிய உப்பில் பதனிட்டது குரோம் தோல். பட்டை, காய் இவற்றின் துவர்ப்பில் பதனிட்டதைக் கடைக்காரர்கள் 'வெஜ்' என்பார்கள். இன்றைக்குச் செருப்பு, கைப்பை என்று கையில் கிடைப்பவை பெரும்பாலும் குரோம்தான். அது மெத்தென்று இருக்கும், தண்ணீருக்கும் நன்றாகத் தாங்கும். ஆனால் நனைத்து அழுத்தி ஒரு வடிவம் கொடுத்தால் காய்ந்த பிறகு அந்த வடிவத்தில் நிற்காது, இரும்புச் சாயமும் அதில் பிடிக்காது. நமக்கு இந்த இரண்டுமே வேண்டும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. ஆவாரம் பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் முடித்து, எண்ணெய் ஏற்றி எடுக்கிற 'ஈ.ஐ.' தோல், அதாவது ஈஸ்ட் இந்தியா தோல், நம் ஊர்ச் சரக்கு. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கம் இந்த வேலை காலங்காலமாக நடக்கிறது, புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இப்போது ஆவாரம் பட்டைக்குப் பதிலாக வாட்டில் மரப்பட்டைச் சாறு நிறையப் புழங்குகிறது. அதுவும் துவர்ப்புதான், நம் வேலைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று மருந்துக்காகப் புகழப்பட்ட செடி தோலையும் அழுகாமல் காத்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செடிமேல் தனி மரியாதை வருகிறது. உறையின் முகப்பில் ஆவாரம் பூவைப் பதிக்கத் தொடங்கியதும் அதனால்தான்.

சென்னையில் என்றால் பெரியமேடு. நான் முதல் முறை போனபோது வெறுமனே "கெட்டியான தோல்" என்று கேட்டேன். கடைக்காரர் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன செய்யப் போறீங்க தம்பி? உறையா? அப்ப ஈ.ஐ.ன்னு சொல்லிக் கேளுங்க. முதுகுப் பக்கம் எடுங்க, வயித்துப் பக்கம் இழுத்துக்கும்" என்றார். அந்த ஒரு வரியில் பாதிப் பாடம் முடிந்துவிட்டது. வயிற்றுப் பக்கத் தோல் தளர்வானது, அதில் உறை செய்தால் ஆறு மாதத்தில் தொளதொளத்துப் போகும். முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும். விரலால் வளைத்துப் பார்த்தால் மேற்பரப்பில் பெரிய சுருக்கம் விழக்கூடாது.

வாங்க வேண்டியது இரண்டு வகை. உடலுக்கு 2.5 முதல் 3 மி.மீ. கனத்தில் மாட்டுத் தோலோ எருமைக் கன்றுத் தோலோ. பூவுக்கும் உள்பக்கத்துக்கும் 1 மி.மீ.க்கு உட்பட்ட ஈ.ஐ. ஆட்டுத் தோல். சதுர அடிக் கணக்கில்தான் விற்பார்கள். 8 அங்குலக் கத்தரிக்கான உறைக்கு, பிழை வெட்டுக்கும் சேர்த்து, கெட்டித் தோல் இரண்டு சதுர அடி தாராளம். துண்டுத் தோலாக எடை போட்டு விற்கிற கடைகளும் இருக்கின்றன, கற்றுக்கொள்ளும்போது அதுவே போதும்.

வெஜ் தோலா என்று சந்தேகம் வந்தால் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். குரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் ஒரு நீலச்சாம்பல் சாயல் தெரியும். உறுதியான சோதனை, கீழே சொல்லப்போகிற இரும்புத் தண்ணீரை ஒரு துளி விடுவதுதான். வெஜ் தோல் என்றால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பலாகி, அரை நிமிடத்தில் மை போலக் கறுக்கும். குரோம் தோலில் அழுக்குத் தண்ணீர் பட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான். நான் கடைக்குப் போகும்போது ஒரு சின்ன மருந்துப் புட்டியில் அந்தத் தண்ணீரை எடுத்துப் போவேன்.

கறுப்பு

சாயத்தை முதலில் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்க வேண்டும், ஏனென்றால் அது ஊற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி வரைகிறவர்கள் துணியில் கறுப்புக் கோடு போடுவது இரும்புத் துண்டும் வெல்லமும் தண்ணீரில் ஊறிப் புளித்த சாற்றால்தான். கசிமி என்பார்கள். துணியை அதற்கு முன்பே கடுக்காய் போட்ட பாலில் நனைத்து வைத்திருப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பில் இரும்பு பட்டதும் கோடு கறுத்துவிடும். அமெரிக்கச் சேணக்காரர்கள் வெல்லத்துக்குப் பதில் வினிகர் ஊற்றுகிறார்கள், அவர்கள் ஊரில் அதற்கு வினிகரூன் என்று பெயர். இரண்டிலும் வேலை ஒன்றே: புளிப்பு இரும்பைக் கரைக்கிறது, கரைந்த இரும்பு துவர்ப்போடு சேர்ந்து கறுக்கிறது. பழைய காலத்து எழுத்து மையும் இதே சேர்க்கைதான்.

வெல்ல முறைக்கு, ஒரு மண்பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ 2 லிட்டர் தண்ணீர், கால் கிலோ வெல்லம், அரைக் கிலோ துருப்பிடித்த ஆணியோ லாடமோ. துணி கட்டி நிழலில் வைத்து, தினம் ஒரு முறை குச்சியால் கலக்குங்கள். நுரைத்து, புளித்த கள் வாடை வந்து, பிறகு அந்த வாடையும் அடங்கும்போது தயார். வினிகர் முறை இன்னும் சுலபம். பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை (எவர்சில்வர் நார் வேண்டாம், அது கரையாது) சோப்புப் போட்டு எண்ணெய் போகக் கழுவி, ஒரு லிட்டர் சாதாரண வெள்ளை வினிகரில் பிய்த்துப் போட்டுவிட்டால் 10 நாளில் பெரும்பகுதி கரைந்துவிடும். எந்த முறையானாலும் மூடியை இறுக்காதீர்கள். உள்ளே வாயு சேரும், புட்டி வெடிக்கக்கூடும், பக்கத்தில் நெருப்பும் இருக்கக்கூடாது. வடிகட்டும்போது கையுறை போடுங்கள், மொசைக் தரையில் வைத்து வேலை செய்யாதீர்கள். அந்தக் கறை என்ன தேய்த்தாலும் போகாது.

மஞ்சள்

மஞ்சள் கிழங்கைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். வெயிலில் அது நிற்காது. தோட்டத்தில் தினம் வெயில் படுகிற பொருளுக்கு அது வேண்டாம். மாதுளம்பழத் தோலை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தோல் 100 கிராமை நொறுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் எவர்சில்வர் பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் மெல்லிய தீயில் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஒரு தேக்கரண்டி படிகாரத் தூளைக் கரையுங்கள். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் மஞ்சள் வராது, கரும்பச்சைதான் வரும், காரணம் உங்களுக்கே இப்போது புரியும்.

சாறு நன்றாக ஆறிய பிறகுதான் தோலில் தடவ வேண்டும். வெஜ் தோல் சூட்டைத் தாங்காது. 70 டிகிரி தாண்டிய தண்ணீர் பட்டால் சுருண்டு, கட்டியாகி, திரும்ப விரியவே விரியாது. துணிச் சாயத்தில் பழகியவர்கள் கொதிக்கும் சாற்றில் முக்கிவிடுவார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

ஆட்டுத் தோலை ஈரத்துணியால் ஒற்றிவிட்டு, பஞ்சில் சாற்றைத் தொட்டு வட்ட வட்டமாகத் தடவிக் காயவிடுங்கள். ஒரு முறையில் ஏறாது. நான்கைந்து முறை தடவினால் ஈ.ஐ. தோலின் இயல்பான வெளிர் பழுப்போடு சேர்ந்து கடுகு மஞ்சள் வரும். ஆவாரம் பூவின் பளீர் மஞ்சளை எதிர்பார்க்காதீர்கள். கறுப்புக்கு நடுவில் வைத்துப் பார்க்கும்போது இந்த அடங்கிய மஞ்சள்தான் நன்றாக இருக்கிறது என்பது என் எண்ணம். சிவப்பு வேண்டுமென்றால் பதிமுகக் கட்டையை இதே மாதிரி காய்ச்சிப் படிகாரம் போடலாம், ஆனால் நாளாவட்டத்தில் வெளுக்கும். பழுப்புக்கு நாட்டு மருந்துக் கடைக் காசுக்கட்டியே போதும், அழுத்தமாகப் பிடிக்கும்.

அளவு எடுத்து வெட்டுவது

ஒரு சார்ட் பேப்பரை நடுவில் மடித்து, மடிப்பு இடது பக்கம் வர, கத்தரியைப் பூட்டி அதன்மேல் படுக்கவையுங்கள். கத்தரியின் கனத்தில் பாதியையும் தோலின் கனத்தையும் கூட்டுங்கள். கத்தரி 20 மி.மீ. கனம், தோல் 3 மி.மீ. என்றால் 13 மி.மீ. வரும். கத்தரியின் விளிம்பிலிருந்து மடிப்புக்கு இந்த 13 மி.மீ. தூரம், வலது பக்கத்திலும் அடியிலும் இதே தூரத்தில் தையல் கோடு, தையல் கோட்டுக்கு வெளியே இன்னும் 5 மி.மீ. தள்ளி வெட்டுக் கோடு. வாய்ப் பக்கம் கைப்பிடியில் பாதிக்கு மேல் வெளியே தெரிய வேண்டும். முழுக்க உள்ளே போனால் கையுறை போட்ட கையால் எடுக்க முடியாது.

பின்பக்கத் தாளின் மேல் ஓரத்தில் 4 செ.மீ. அகலத்துக்கு ஒரு நாக்கு நீண்டு மேலே போகட்டும், 18 செ.மீ. நீளம். அதைப் பின்னால் மடித்துத் தைத்தால் பெல்ட் நுழைகிற வளையம். இன்னொரு துண்டும் வேண்டும்: தையல் ஓரம் முழுவதும் இரண்டு தோலுக்கு நடுவில் வைக்கிற 10 மி.மீ. அகலமான இடைப்பட்டை. இதை விட்டுவிட்டால் கத்தரியின் வெட்டு முனை நேராக நூலில் உராயும், ஒரு வருடத்துக்குள் நூல் அறுந்துவிடும்.

தாளை வெட்டி, ஒட்டி, கத்தரியை நுழைத்துப் பாருங்கள். அப்புறம் பழைய ரெக்ஸின் துண்டிலும் ஒன்று செய்து பாருங்கள். தாள் பொய் சொல்லும், ரெக்ஸின் ஓரளவு உண்மை சொல்லும். கெட்டித் தோலை ஒரே வெட்டில் வெட்டப் பார்க்காமல், புதுப் பிளேடு போட்ட கத்தியால் அதே கோட்டில் மூன்று முறை இழுங்கள். வளைவில் கத்தியைத் திருப்பாதீர்கள், தோலைத் திருப்புங்கள்.

பூ

ஆவாரம் பூவுக்கு ஐந்து இதழ். தாளில் ஒவ்வொரு இதழையும் ஏறக்குறைய 18 மி.மீ. நீளத்துக்குத் தனித்தனியாக வரைந்து, இதழுக்கும் இதழுக்கும் நடுவில் குறைந்தது 7 மி.மீ. தோல் மிஞ்சுகிற மாதிரி அமையுங்கள். அந்த 7 மி.மீ.யில் இருபக்கமும் தையல் ஓட வேண்டும். முதல் உறைக்கு இதழ்களைச் சேர்த்து ஒரே சன்னலாக வெட்டினாலும் பரவாயில்லை, அழகு கொஞ்சம் குறையும், வேலை பாதியாகும்.

வெட்டும்போது இதழின் கூர் முனையில் முதலில் 2 மி.மீ. துளைக்கருவியால் (பஞ்ச்) ஒரு துளை போட்டுவிடுங்கள். கத்தி அந்தத் துளைக்குள் வந்து நிற்கும், முனை தாண்டி வெட்டு ஓடாது, பின்னாளில் அங்கிருந்து தோலும் கிழியாது. வெட்டிய பிறகு சன்னலின் பின்பக்க விளிம்பை, அதாவது சதைப் பக்கத்தை, கத்தியைச் சாய்த்துப் பிடித்து 8 மி.மீ. அகலத்துக்குச் சீவிக் கனம் குறையுங்கள். மஞ்சள் தோலின் ஓரங்களையும் அதே மாதிரி காகிதம் போல ஆகும்வரை சீவ வேண்டும். இதைச் செய்யாவிட்டால் முன்பக்கத்தில் பூவைச் சுற்றி ஒரு திட்டு எழும்பித் தெரியும். எனக்குக் கை வந்தது மூன்றாவது உறையில்தான். அதற்குக் காரணம் பேருந்து நிலையத்துக்கு வெளியே செருப்புத் தைக்கிற ஓர் அண்ணன். ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்காரவைத்து, "கத்தியைத் தள்ளாதீங்க, படுக்க வெச்சு இழுங்க" என்று கையைப் பிடித்துக் காட்டினார். இந்தத் தொழிலின் அறிவு அப்படிப்பட்டவர்களிடம்தான் இருக்கிறது, அவர்களிடம் கற்றுக்கொள்ளும்போது அன்றைய வேலை நேரத்துக்கான கூலியைக் கேட்காமலே கொடுங்கள்.

ஒட்டும் முன்பே சாயம்

துண்டுகளைத் தனித்தனியாகச் சாயம் ஏற்றிவிட்டுத்தான் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

கெட்டித் தோலுக்கு முதலில் துவர்ப்பைக் கூட்டுங்கள். கொட்டை நீக்கி நொறுக்கிய கடுக்காய் 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, தோலில் இரண்டு முறை தடவுங்கள். கடுக்காய் இல்லையென்றால் பால் ஊற்றாத, கசக்கிற அளவு கடுமையான தேயிலைத் தண்ணீர் போதும். ஈரம் பாதி காய்ந்ததும் அகலத் தூரிகையால் இரும்புத் தண்ணீரைத் தடவுங்கள். தூரிகை போன பாதையில் முதலில் ஊதாச் சாயல், அடுத்த நிமிடம் அடுப்புக்கரி நிறம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த ஒரு நிமிடம் அலுக்கவில்லை. ஓரம், பின்பக்கம், சன்னலின் வெட்டு விளிம்பு எல்லாவற்றிலும் தடவி, அரை மணி நேரம் விட்டுவிடுங்கள்.

இனி வரும் படியைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், நானும் தாண்டினேன். தோலில் மிச்சமிருக்கும் புளிப்பும் தனி இரும்பும் வெளியேற வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து, தோலை அதில் இரண்டு நிமிடம் முக்கி எடுங்கள், லேசாகப் பொங்கும். அப்புறம் நல்ல தண்ணீரில் நான்கைந்து முறை அலசுங்கள். என் இரண்டாவது உறையில் சும்மா ஒரு முறை அலசிவிட்டு அவசரமாகப் பூவைப் பதித்துத் தைத்து, வடிவம் கொடுக்கத் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டேன். காலையில் பார்த்தால் ஐந்து மஞ்சள் இதழும் பாசி படிந்த மாதிரி சாம்பல் பச்சையாகக் கிடந்தன. கறுப்புத் தோலில் மிஞ்சியிருந்த இரும்பு ஈரத்தோடு நகர்ந்து மாதுளைச் சாயத்தைத் தொட்டிருக்கிறது. மாதுளம் தோலிலும் துவர்ப்புத்தானே இருக்கிறது! அதைத் திரும்ப மஞ்சளாக்க வழியே கிடையாது, பூவைப் பிரித்து எடுத்து மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

அதிலிருந்து ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். வெள்ளைத் துணி ஒன்றைக் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அலசிய கறுப்புத் தோலின் மேல் ஐந்து நிமிடம் அழுத்தி வைப்பேன். துணி சாம்பலானால் இன்னும் இரும்பு வெளியே வருகிறது என்று அர்த்தம், மறுபடி சோடா, மறுபடி அலசல். துணி வெறும் கடுக்காய் நிறத்தில் இருந்தால் சரி. பிறகு ஈரம் முழுக்கப் போகும் முன் இரண்டு சொட்டு விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு மேலே தேய்த்து, நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். இரும்புச் சாயம் தோலை விறைக்க வைக்கும், அந்த எண்ணெய் அதைச் சரிக்கட்டும். நிறைய ஊற்றிவிடாதீர்கள், உறை வளைந்து கொடுத்துவிடும்.

பதித்தல், தைத்தல்

ஒட்டுவதற்குச் செருப்புக் கடைகளில் புழங்குகிற ரப்பர் சொல்யூஷன் அல்லது ஃபெவிகால் எஸ்.ஆர். 998. இரண்டு பக்கத்திலும் மெல்லியதாகத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு அழுத்த வேண்டும். ஒட்டியதும் நகர்த்த முடியாது என்பதால் மஞ்சள் தோலை வைக்கும் முன் குறியிட்டுக்கொள்ளுங்கள். அறையின் சன்னலை நன்றாகத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், அந்த வாடை தலைக்கு ஏறும்.

பூவைப் பின்னாலிருந்து ஒட்டி, சன்னல் விளிம்பிலிருந்து 2.5 மி.மீ. தள்ளி மெல்லிய மஞ்சள் நூலில் தையல் போடுங்கள். அதற்குப் பின்னால் உள்பக்கம் முழுவதையும் மறைக்கிற மாதிரி சாயம் போடாத ஆட்டுத் தோலை ஒட்டுங்கள், கத்தரி முனை பூவின் முடிச்சில் சிக்காமல் இருக்கும். பெல்ட் நாக்கையும் இப்போதே மடித்துத் தைத்துவிடுங்கள். உறையை மூடிவிட்டால் உள்ளே ஊசி விட இடம் இருக்காது.

பெரிய தையலுக்கு ஓரத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி டிவைடரால் கோடு கீறி, 4 மி.மீ. இடைவெளியில் புள்ளி வையுங்கள். இடைப்பட்டையை நடுவில் வைத்து ஒட்டி, மடிப்புக் கோட்டை மட்டும் ஈரமாக்கி மடித்து, ஓரத்தை மூடுங்கள். இப்போது மூன்று அடுக்கும் உள்தோலும் சேர்ந்து கனம் 10 மி.மீ. இருக்கும். குத்தூசி நேராகப் போகிறதா என்று ஒவ்வொரு துளைக்கும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சாய்ந்து போனால் பின்தையல் பாம்பு மாதிரி நெளியும்.

நூல், மெழுகிட்ட பாலியெஸ்டர், 0.8 முதல் 1 மி.மீ. தையல் நீளத்தைப் போல எட்டு மடங்கு எடுத்து இரண்டு முனையிலும் ஊசி கோத்துக்கொள்ளுங்கள். முதல் துளையில் நூலின் நடுப்பாகம் வர இழுத்து, பிறகு ஒவ்வொரு துளையிலும் இடது ஊசி ஒரு தடவை, வலது ஊசி ஒரு தடவை, எதிரெதிராக. இரண்டாவது ஊசி போகும்போது முதல் நூலைக் குத்திவிடாமல் இருக்க, முதல் நூலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பிடியுங்கள். இரண்டு கையாலும் ஒரே அளவு இழுத்து இறுக்குங்கள். எந்த ஊசி முதலில் போகிறது என்பதைக் கடைசிவரை மாற்றாதீர்கள், அப்போதுதான் தையல் ஒரே சாய்வில் வரும். இந்தத் தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்து நிற்கும், மிஷின் தையலைப் போலப் பிரிந்துகொண்டே போகாது. முடிவில் மூன்று துளை திரும்பி வந்து நூலை வெட்டி, முனையை நெருப்பில் காட்டி அழுத்திவிடுங்கள்.

அடியில் தையலுக்கு உள்பக்கம் 5 மி.மீ. துளைக்கருவியால் ஒரு துளை. மழைத் தண்ணீரும் மரத்தூளும் அதன் வழியே இறங்கும்.

வடிவம் கொடுப்பது

கத்தரியை எண்ணெய் தடவி, சமையலறை பிளாஸ்டிக் உறைத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஈரத் தோல் இரும்பைத் தொட்டால் இரண்டுமே கெடும்.

உறையைக் கை பொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணீரில் முக்குங்கள். தோலிலிருந்து சின்னச் சின்னக் குமிழாக வரும், குமிழ் குறையும்போது எடுத்துவிடலாம், அரை நிமிடம் ஒரு நிமிடம்தான். உடனே கத்தரியைத் திணிக்காதீர்கள். சொட்டுச் சொட்டாக இருக்கும்போது அழுத்தினால் வடிவம் நிற்காது. அரை மணி நேரம் விட்டு, கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்க வேண்டும், அழுத்தினால் தண்ணீர் கசியக்கூடாது. அந்தப் பதத்தில் கத்தரியை உள்ளே தள்ளி, கட்டைவிரலாலும் மரக்கரண்டியின் பின்பக்கத்தாலும் கத்தரியின் விளிம்பை ஒட்டி அழுத்திக்கொண்டே வாருங்கள். திருகாணியின் மேடு, அலகின் வளைவு, கைப்பிடி பிரிகிற இடம், ஒவ்வொன்றாக மேலே எழும்பி வரும். நகம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நகக்குறி அப்படியே நின்றுவிடும். பூவின் மேல் அழுத்தாதீர்கள், அதைச் சுற்றி மட்டும் போதும்.

கத்தரி உள்ளே இருக்க, மின்விசிறிக் காற்றில் அரை நாள் வைத்து, வடிவம் பிடித்ததும் கத்தரியை எடுத்துவிட்டு இன்னொரு முழு நாள் நிழலில் காயவிடுங்கள். வெயில் வேண்டாம், முடி உலர்த்தும் கருவியும் வேண்டாம். வேகமாகக் காய்ந்தால் மேல்தோல் வெடிக்கும்.

ஓரங்களை உப்புத்தாளால் சமன் செய்து (மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்), மறுபடி இரும்புத் தண்ணீரைப் பஞ்சால் தொட்டுத் தடவி, சோடாத் தண்ணீர்த் துணியால் துடைத்து, ஈரம் இருக்கும்போதே கெட்டித் துணியால் சூடேறும்வரை தேயுங்கள். தேன்மெழுகு ஒரு பங்கு, விளக்கெண்ணெய் இரண்டு பங்கு, தண்ணீர்க் கொதியின் மேல் உருக்கி ஆறவைத்த பசையைக் கடைசியாக உறை முழுவதும் பூசி, ஒரு மணி நேரம் கழித்துத் துணியால் மெருகேற்றுங்கள்.

முதல் சில நாள் கத்தரி இறுக்கமாக வரும். பிளாஸ்டிக் தாள் சுற்றிய கத்தரியை ஓர் இரவு உள்ளேயே வைத்தால் சரியாகிவிடும், அதற்காக எண்ணெய் விடாதீர்கள். வேலை முடிந்ததும் கத்தரியை உறைக்குள் வைத்துத் தூங்கவிடாதீர்கள், வெஜ் தோலில் இருக்கிற புளிப்பு எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் உறை நனைந்தால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வாய் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். பூஞ்சை வெள்ளையாகப் பூத்தால் வினிகர் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த பிறகு மெழுகுப் பசையை மறுபடி பூசுங்கள். அந்தத் துணி இரும்புத் தண்ணீர் தொட்ட துணியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பூவின் மஞ்சள் போய்விடும்.